அப்பாவின் காதைப் பற்றிக் கேட்டவருக்கு

சொந்தக்காரர்களுக்கும் செங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கும்,

நேற்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். திருவனந்தபுரத்தில் இதய வால்வு ஆபரேஷன் முடிந்து 42 நாள். நடந்தது உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்த பையன்கள், ராத்திரியில் ஆரியங்காவு வளைவுகளில் காரைக் குலுங்காமல் இறக்கிய தம்பி, கொடுத்த பணத்தைப் பற்றி இன்றுவரை வாய் திறக்காத அத்தான், வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்ட மதினி, எல்லாருக்கும் நன்றி. "79 வயசுல நெஞ்சைப் பிளக்கணுமா?" என்று கேட்டவர்களுக்கு நன்றி இல்லை. அவர்களுக்கான பதிலை டாக்டர் எங்களிடமே சொல்லிவிட்டார்: வால்வு இவ்வளவு சுருங்கி, மூச்சும் முட்ட ஆரம்பித்தபின் அப்படியே விட்டால் பாதிப் பேர் இரண்டு வருஷம் தாண்டுவதில்லை, சுருங்கிய வால்வை மாத்திரை திறக்காது. தொடை வழியாகக் குழாய் விட்டு வைக்கும் வால்வின் விலை எங்களுக்கு எட்டவில்லை. அப்பாவுக்கோ திருவனந்தபுரத்திலேயே உருவான சித்ரா வால்வுதான் வேண்டும். 1990-இல் முதலில் பொருத்தியபோதே பேப்பரில் படித்தாராம். அது உலோக வால்வு, ஆயுசுக்கும் ரத்தம் உறையாத மாத்திரை போட வேண்டும், இந்த வயசுக்கு மாட்டுத் திசுவில் செய்ததே போதும் என்று டாக்டர் சொல்ல, முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

சரி, நான் எழுத வந்தது வேறொருவரைப் பற்றி.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இரண்டாம் ராத்திரி ஐசியுவில் அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயசானவர்களுக்கு இப்படி வருவது சகஜம், சரியாகிவிடும் என்றார்கள். மீட்டர்கேஜ் காலத்தில் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்த கேங்மேன் அவர். கட்டிலை ரயில் என்று நினைத்து, "பகவதிபுரம் தாண்டியாச்சு, இறக்கி விடுங்க" என்று ஒயர்களைப் பிடுங்கியிருக்கிறார். கையைக் கட்டிவிட்டார்கள். குற்றம் சொல்லவில்லை, ஒயர் போனால் உயிர் போகும். ஆனால் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் அழுதேன்.

அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த சேச்சி, தென்மலைக்காரர், பாதித் தமிழில் கேட்டார்: "அப்பூப்பனுக்குக் காது கேக்குமா, மோளே?" அப்பூப்பன் என்றால் தாத்தா.

எனக்குப் பொறி தட்டியது. காதுமெஷின் என் கைப்பையில் இருந்தது! ஆபரேஷன் அன்று காலையில் கழற்றிக் கொடுத்ததைக் காலி மாத்திரை டப்பாவில் போட்டு, மூக்குக்கண்ணாடியோடு வைத்திருந்தேன். மூன்று நாளாக, முகமூடி போட்டவர்கள் மலையாளத்தில் பேசுவதை வாயசைவுகூடத் தெரியாமல் அவர் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார்.

சேச்சி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் சிஸ்டரிடம் பேசினார். என்னை உள்ளே விட்டார்கள். கண்ணாடியை மாட்டி, மெஷினைக் காதில் வைத்தேன். கீச்சென்று ஒரு சத்தம். அப்பா முகத்தைச் சுளித்தார். சேச்சி குனிந்து, "இது வண்டி இல்ல அப்பூப்பா. ஆஸ்பத்திரி, திருவனந்தபுரம். ஆபரேஷன் கழிஞ்சு. மோள் இங்க உண்டு" என்றார். அப்பா என்னைப் பார்த்து, "வெயில் அடிக்கா?" என்று கேட்டார். அடுத்த ராத்திரியும் கொஞ்சம் உளறினார்தான். ஆனால் கட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

அந்தச் சேச்சியின் பெயரை நான் கேட்கவே இல்லை. கூச்சமாக இருக்கிறது. இனி எங்கள் வீட்டிலோ தெருவிலோ பெரியவர் யார் ஆபரேஷனுக்குப் போனாலும், காதுமெஷினும் கண்ணாடியும் எந்தப் பையில் என்று கேட்கிற ஆள் நான்தான்.

டிஸ்சார்ஜ் அன்று பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "அடுத்த தடவை வரும்போ பார்டர் புரோட்டா ரெண்டு பார்சல்" என்று சிரித்தார். செக்கப் அடுத்த மாதம். கிளம்பும் முன் பிரானூருக்குப் போய் வாங்க வேண்டும். நாலாக, சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லி.