ராணுவப் போலீஸில் பயின்றோருக்குக் காவல் நிலையத்தில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்னிபத் திட்டத்தில் ராணுவத்தில் சேரும் அக்னிவீரர்கள் நான்காண்டுப் பணி முடிந்து வெளியே வந்தபின் என்ன செய்வார்கள் என்பது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கு உள்ள ஒதுக்கீட்டை விரிவாக எடுத்துச் சொன்ன அக்கட்டுரை, படைக்குள்ளேயே போலீஸ் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ராணுவப் போலீஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் தமிழ்நாடு காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, தலைமைக் காவலராக வெளியே வந்தவன் என்ற முறையில், விடுபட்ட அந்தப் பகுதியைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

பெரிய ரயில் நிலையங்களிலும் ராணுவப் பாளையப் (கன்டோன்மென்ட்) பகுதிகளிலும் சிவப்புத் தொப்பியும் வெள்ளை பெல்ட்டுமாக நிற்பவர்களை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். ‘ஸ்வேத் அஸ்வ’ என்ற மோட்டார் சைக்கிள் சாகசக் குழுவைக் கொண்டு மட்டுமே இந்தப் பிரிவை அறிந்தவர்களும் உண்டு; அன்றாட வேலையோ அவ்வளவு கண்கவர் வேலையன்று. படைவீரர்களிடையே ஒழுங்கைக் காப்பது, படை வாகன அணிகளுக்கு வழி ஒழுங்கு செய்வது, விடுப்பில் சென்று திரும்பாதவரைத் தேடுவது, கிடங்கில் பொருள் காணாமற்போனால் விசாரிப்பது, போர் வந்தால் கைதிகளைப் பொறுப்பேற்பது ஆகியவையே அதன் பணிகள். இதற்கான பயிற்சி பெங்களூருவிலுள்ள ராணுவப் போலீஸ் மையத்தில் தரப்படுகிறது. சாலையில் நின்று பழகியவர், அறிக்கை எழுதிப் பழகியவர், கைது செய்து காவலில் வைத்துப் பழகியவர் என்ற வகையில், படையிலிருந்து வருகிற மற்ற எவரைக் காட்டிலும் இவர் காவல் நிலையத்துக்கு அருகில் இருப்பவர்.

அருகில் என்றுதான் சொல்கிறேன். இரண்டும் ஒன்றே என்று சொல்லமாட்டேன். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 107ஆம் பிரிவில் ராணுவப் போலீஸுக்குத் தருகிற கைது அதிகாரம், அச்சட்டத்துக்கு உட்பட்டவர்கள் மீது மட்டுமே செல்லும். பாளையத்துக்குள் புகுந்து திருடிய வெளியாள் பிடிபட்டால், அவரை உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதோடு ராணுவப் போலீஸின் வேலை முடிந்துவிடும். படையில் ஒருவர் காவலில் வைக்கப்பட்டால், இயலாத சூழல் இருந்தாலொழிய 48 மணி நேரத்துக்கு மேல் குற்றச்சாட்டை விசாரிக்காமல் அவரை வைத்திருக்கக் கூடாது என்பதைக் கவனிக்க வேண்டியவர் அவருடைய கட்டளை அதிகாரி. வெளியிலோ, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தியாக வேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் பிரிவே அதைக் கட்டாயமாக்குகிறது. அந்த நடுவர் காவல்துறையின் மேலதிகாரி அல்லர். காவலர் சொல்வதை நம்ப வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. பிடிபட்டவர் காவலரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிரான சான்றாகாது. கைதுக் குறிப்பாணையில் சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், காவலில் உள்ளவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பவையெல்லாம் 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள். இவற்றைச் சட்டப் புத்தகத்தில் படிப்பது எளிது. நள்ளிரவில் நிலையத்தில் ஆள் பற்றாக்குறை இருக்கும்போது ஒன்றும் விடாமல் செய்வதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

சட்ட வேறுபாட்டைவிட மனிதர்களிடம் உள்ள வேறுபாடு பெரியது. படையில் நாம் விசாரிக்கிற ஆளின் எண், பதவி, பிரிவு, ஊர், விடுப்புக் கணக்கு எல்லாம் தாளில் இருக்கும். அவருக்கு மேலே ஓர் அதிகாரி இருப்பார். கேள்வி கேட்டால் விறைப்பாக நின்று பதில் சொல்வார். காவல் நிலைய வாசலில் வந்து நிற்கிற மனிதருக்கு நமக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எந்த உறுதிமொழியும் இல்லை. அவர் புகார் கொடுக்க வந்தவராக இருக்கலாம், குற்றம் சாட்டப்பட்டவராகவும் இருக்கலாம். பல நேரங்களில் இருவரும் ஒரே தெருவில் வசிக்கிற சொந்தக்காரர்களாக இருப்பார்கள். பின்னாலேயே வழக்கறிஞர், கட்சிக்காரர், ஊர்ப் பெரியவர், செய்தியாளர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். நிலப் பிரச்சினையா, குடும்பத் தகராறா, சாதிச் சண்டையா என்று கண்டுகொள்ளவே அரை நாள் போய்விடும். இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கிறவர், நிலையத்தின் எழுத்து வேலைகளைக் கவனிக்கிற ரைட்டர்தான். மனுவைப் பதிந்து சி.எஸ்.ஆர். என்ற ரசீது கொடுப்பதா, முதல் தகவல் அறிக்கையே பதிவதா என்று அவர் முடிவெடுக்கும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடான வகுப்பு எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் இல்லை.

ஆனால் படையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு எப்போது கிடைக்கிறது? இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வானவர் பொதுவாக முதலில் காவல்துறையின் ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோ அனுப்பப்படுகிறார். பாரா (காவல் நிற்பது), பந்தோபஸ்து, வழிக்காவல் என்று ஆண்டுகள் போனபின்பே தாலுகா காவல் நிலையம் கிட்டும். பதினெட்டு வயதில் சேருகிற இளைஞருக்கு இது பொருந்தலாம். பாராவும் அணிவகுப்பும் ஏற்கெனவே போதும் போதும் என்னும் அளவுக்குச் செய்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் வருகிறவரை மறுபடியும் கருவூல வாசலில் துப்பாக்கியுடன் நிறுத்துவது, கையிலுள்ள பயிற்சியை வீணடிப்பதேயாகும். பதவி உயர்வு நிலையும் இப்படித்தான். சிறப்பு உதவி ஆய்வாளர் நிலைக்கு 25 ஆண்டுகள் ஆக வேண்டும் என்பது என் காலத்து நடைமுறை. நாற்பதில் சேர்ந்தவர் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்கு முன்பே ஓய்வு வயது வந்துவிடும். படையில் பார்த்த போலீஸ் வேலை அந்தக் கணக்கில் சேராது.

என் தலைமுறையின் குறைகளை இப்போது எழுதிப் பயனில்லை. அடுத்து வருகிறவர்களுக்காகவே, குறிப்பாகப் பெண்களுக்காகவே, இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அதிகாரி அல்லாத நிலையில் பெண்கள் ராணுவத்தில் சேர்வதற்குத் திறக்கப்பட்ட வாசல் ராணுவப் போலீஸ்தான். 83 பேர் கொண்ட முதல் அணி 61 வாரப் பயிற்சியை முடித்து 2021 மே மாதம் பெங்களூருவில் அணிவகுத்து வெளியேறியது. காவல் பணி, போர்க் கைதி மேலாண்மை, வாகனம் ஓட்டுதல், பராமரித்தல், தகவல் தொடர்பு ஆகியவை அந்தப் பயிற்சியில் அடங்கும். 2022இல் அக்னிபத் திட்டம் வந்தபின் இந்தச் சேர்க்கையும் நான்காண்டு ஒப்பந்தமாகிவிட்டது. 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிரந்தரமாகத் தக்கவைக்கப்படுவர். மற்றவர்கள் பணி முடிவில் தரப்படும் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன் பெரும்பாலும் இருபதுகளிலேயே வீடு திரும்புவார்கள்.

தங்கள் கட்டுரை தொடாமல் விட்ட முக்கியமான செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. நான்காண்டில் வெளியேறும் அக்னிவீரருக்கு ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதி கிடையாது. சீருடைப் பணியாளர் தேர்வில் முன்னாள் படைவீரர்களுக்கென உள்ள 5 விழுக்காடு என்னைப் போன்றவர்களுக்கு உதவியது. அந்தத் தகுதி இல்லாத இவர்கள் அதில் உரிமை கோர முடியாது. உத்தரப் பிரதேச அரசு 2025இல் தன் காவலர் தேர்வில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 20 விழுக்காடு ஒதுக்கியது. ஹரியானாவும் அதற்கு முன்பே ஒதுக்கீட்டை அறிவித்தது. இந்த ஒதுக்கீடுகள் எல்லாப் பிரிவு அக்னிவீரர்களையும் ஒரே தட்டில் வைக்கின்றன. பீரங்கிப் படையில் இருந்தவரும் ராணுவப் போலீஸில் இருந்தவரும் காவலர் வேலைக்கு ஒரே அளவு ஆயத்தமானவர்கள் என்று கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிய துறையோ பெருஞ்செலவோ தேவைப்படாது. பொதுப் பிரிவினருக்கே 26 வயது வரை இரண்டாம் நிலைக் காவலர் தேர்வெழுத இடமிருப்பதால் வயது பெரிய தடையாக இராது. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குத் தேர்வில் சிறப்பு மதிப்பெண் தருகிற முறை ஏற்கெனவே இருக்கிறது. ராணுவப் போலீஸ் பணிக்கும் அவ்வகையில் மதிப்பெண் தரலாம். எழுத்துத் தேர்வில் சலுகை கேட்கவில்லை. தமிழ் மொழித் தகுதித் தேர்வை அவர்களும் எழுதித் தேறட்டும். இந்தியிலேயே அறிக்கை எழுதிப் பழகிய கைக்கு அது நல்ல பயிற்சியும்கூட. ஆனால் தேர்வானபின் பயிற்சிப் பள்ளியில் அவர்களுக்கு அணிவகுப்பு நேரத்தைக் குறைத்து, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள மூன்று புதிய குற்றவியல் சட்டங்களுக்கும் நீதிமன்ற நடைமுறைக்கும் அந்த நேரத்தைத் தர வேண்டும். பயிற்சி முடிந்ததும் ஆயுதப்படைக்கு அனுப்பாமல், போக்குவரத்துப் பிரிவிலோ தாலுகா நிலையத்திலோ ரைட்டரின் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். பெண்களாக இருந்தால் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் அத்தகைய முதல் நிலையத்தைத் திறந்த மாநிலம் நம்முடையது. விசாரணை பழகிய பெண் காவலர்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போகாது.

இதற்கு ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தபின், காவல் நிலையத்துக்குள் இன்னும் ராணுவ மிடுக்கைக் கொண்டுவருவதா என்று மனித உரிமை ஆர்வலர்கள் கேட்பார்கள். அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. படையில் கட்டளையிட்டுப் பழகிய குரல் வெளியில் தணிய நாளாகிறது என்பதை உடன் பணிபுரிந்த சிலரிடம் நேரில் பார்த்திருக்கிறேன். என்றாலும் ராணுவப் போலீஸின் வேலையே சீருடை அணிந்தவரின் அத்துமீறலைத் தடுப்பதுதான். தன் பிரிவுக்காரரையே, சில நேரம் தன்னைவிட மூத்தவரையே, எழுத்து மூலம் புகாரில் நிறுத்திப் பழகியவர் அவர். உடன் நிற்கிற காவலர் கை ஓங்கும்போது தடுக்கக்கூடிய ஆளைத் தேடுவோமானால், அந்தப் பழக்கம் உள்ளவரிடமிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. சட்ட வகுப்பு இல்லாமல் அவரைச் சேர்ப்பதுதான் ஆபத்து. அதனால்தான் பயிற்சி நேரத்தைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

ராணுவப் போலீஸில் சேர்ந்த முதல் பெண் அக்னிவீரர்கள் 2023 மார்ச் மாதம் பயிற்சியைத் தொடங்கியவர்கள். அவர்களது நான்காண்டு 2027 தொடக்கத்தில் நிறைவடைகிறது. சிறப்பு மதிப்பெண் தருவதானால் அது தேர்வு அறிவிக்கையிலேயே இடம்பெற வேண்டும், அறிவிக்கைக்கு முன்பு அரசாணை வெளிவர வேண்டும். உள்துறைச் செயலகமும் சீருடைப் பணியாளர் தேர்வாணையமும் இதைக் கருத்தில் கொள்ளுமாறு தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.