காடி இல்லை அம்மா, செகஞ்சபீன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன வாரம் ஃபோனில், "அந்த வெயிலுக்கு என்னத்தக் குடிக்கிற?" என்று கேட்டாய். வினிகர் போட்ட சர்பத் என்று சொன்னேன். "மாட்டுக்கு வைக்கிற காடியையா குடிக்கிற?" என்று நீ பதறிய நேரத்தில் லைன் அறுந்துவிட்டது. அப்புறம் எத்தனை தடவை போட்டும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து நீ அதையே நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் விடுமுறைக்கு டெல்லி போகிறார், அங்கே போனதும் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

தெருவில் யாராவது "ஈரானில் உன் மகளுக்கு என்ன வேலை?" என்று கேட்டால் கேந்திரிய வித்யாலயா என்று சொல். வெளிநாட்டில் அந்தப் பள்ளி இருப்பது காட்மாண்டு, மாஸ்கோ, தெஹ்ரான் என்று மூன்றே ஊரில்தான். கணக்கு டீச்சர் எங்கே போனாலும் கணக்குத்தான் நடத்தப்போகிறாள், அதில் சொல்ல ஒன்றுமில்லை. சர்பத்துக்கு வருகிறேன்.

இங்கே வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டது. ஆனால் நம் சாத்தூர் வெயில் மாதிரி இல்லை. ஊர் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது, வடக்கே மலை, காற்றில் ஈரம் என்பதே கிடையாது. வேர்க்கிறதே தெரியாமல் வேர்வை காய்ந்துபோகிறது, உதடு வெடிக்கிறது, இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்க மறந்தால் தலை கனத்துவிடுகிறது. வீடுகளில் ஏசியைவிட மொட்டைமாடியில் ஒரு தகரப்பெட்டி வைத்த கூலர்தான் அதிகம். அதன் பக்கங்களில் மரச்சீவல் அடைத்த தட்டி இருக்கும், அதில் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே இருக்கிற மின்விசிறி வெளிக்காற்றை இழுத்து வீட்டுக்குள் தள்ளும். அம்மாச்சி வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பாளே, அதே யோசனைதான். மின்சாரம் போய்விட்டால் மட்டும் அதுவும் நின்றுவிடும், அப்போதுதான் இந்த சர்பத்தின் அருமை தெரியும்.

எனக்கு இதை முதலில் கொடுத்தது கீழ்வீட்டுப் பாட்டி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், எல்லோரும் ஹாஜ் கானும் என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. வந்த புதிதில் ஒரு மத்தியானம், கையில் இரண்டு பை, தலையில் முக்காடு, முகமெல்லாம் சிவந்து படியேறிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து பார்த்தவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு நீளக் கண்ணாடி டம்ளரோடு வந்தார். அடியில் பொன்னிறமாகப் பாகு, அதன் மேல் தண்ணீர், துருவிய வெள்ளரிக்காய் பச்சைப் பச்சையாக மிதக்கிறது, மேலே ஐஸ், ஒரு புதினா இலை. நீளக் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கி "நூஷே ஜான்" என்று கையில் கொடுத்தார். வயிறார, மனசாரக் குடி என்கிற மாதிரி அர்த்தம், எதைக் கொடுத்தாலும் இங்கே அதைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். முதல் வாயில் தித்திப்பு, உடனே பின்னாலேயே ஒரு புளிப்பு வந்து நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்தது, தொண்டை இறங்கும்போது புதினாவின் குளிர்ச்சி. படியிலேயே நின்று முழுவதையும் குடித்தேன் அம்மா. வெள்ளரித் துருவல் பல்லில் நறுக்கென்று அகப்பட்டதும் எனக்கு நம் ஊர் ஸ்டேஷன்தான் ஞாபகம் வந்தது, ரயில் ஜன்னலோரம் வெள்ளரிக்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தடவி நீட்டுவார்களே. இங்கே வெள்ளரிக்காய் விரல் நீளம்தான், தோல் மெல்லிசு, கசப்பே இருக்காது. விருந்தாளி வந்தால் ஆப்பிள், திராட்சையோடு இதையும் பழம் என்று தட்டில் வைத்து உப்போடு கொடுக்கிறார்கள்!

இதன் பெயர் செகஞ்சபீன். சிர்கே என்றால் வினிகர், அங்கபீன் என்றால் தேன், இரண்டும் சேர்ந்து வந்த பெயர். முன்காலத்தில் தேனில்தான் செய்வார்களாம், இப்போது பெரும்பாலும் சர்க்கரை. நீ பயப்படுகிற மாதிரி இது நேற்று எவரோ கண்டுபிடித்ததும் இல்லை, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே வைத்தியர்கள் கொடுத்த பானம். ஹாஜ் கானும் ஹமதான் ஊர்க்காரர். இப்னு சீனா என்று பெரிய வைத்தியர், 1037இல் இறந்தவர், அவருடைய சமாதி அந்த ஊரில்தான் இருக்கிறது. ஹாஜ் கானும் அவரைச் சொந்தப் பெரியப்பா மாதிரி "எங்கள் பூ அலி" என்றுதான் சொல்வார், "எங்கள் பூ அலி சொன்ன மருந்து இது" என்று டம்ளரைத் தட்டிக் காட்டுவார். எதற்கு மருந்து என்று கேட்டேன். "சஃப்ரா" என்றார். அகராதியில் பார்த்தால் பித்தம்! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. பேரீச்சம்பழம், பாதாம் எல்லாம் சூடு, வெள்ளரி, மோர் எல்லாம் குளிர்ச்சி, சூடு தின்றால் குளிர்ச்சியால் ஈடுகட்டு என்று நீ சொல்கிற அதே கணக்கு இங்கேயும் சமையலறைக்குச் சமையலறை ஓடுகிறது. கர்மீ, சர்தீ என்கிறார்கள். என் முகத்தில் ஒரு பரு வந்தால் நீ என்ன கேட்பாயோ அதையேதான் இவரும் கேட்கிறார்: சூடா என்ன சாப்பிட்டாய்?

சரி, செய்முறை. இதை ஒழுங்காகக் கேட்டுக்கொள், நான் முதல் தடவை கெடுத்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, இங்கே அதுதான் விடுமுறை நாள், தஜ்ரீஷ் பஜாருக்குப் போனேன். அங்கே அத்தாரீ என்று கடைகள் உண்டு, அப்படியே நம் நாட்டு மருந்துக் கடைதான், மூட்டை மூட்டையாகக் காய்ந்த பூவும் வேரும் விதையும். "புதினா" என்று கேட்டால் கடைக்காரர் விழிக்கிறார். நம் புதினா என்கிற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததுதான், ஆனால் இங்கே அந்த இலைக்கு வழக்கில் நஃனா என்று பெயர். சர்பத் மட்டும் சர்பத்தாகவே இருக்கிறது, அரபி வழியாக வந்த சொல், இங்கிருந்து நம் பஸ் ஸ்டாண்ட் நன்னாரி சர்பத் வரைக்கும் ஒரே சொல். ஒரு கட்டுப் புதினாவும் ஒரு பாட்டில் திராட்சை வினிகரும் வாங்கி வந்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க விட்டேன். வினிகர் ஆவி வீடு முழுக்கப் பரவி கண் எரிந்தது, புதினா வெந்த கீரையாகக் கறுத்துவிட்டது, பாகோ ஆறினதும் பாட்டிலுக்குள் கல்லாக இறுகிவிட்டது. அந்த வாசனைக்கு மேலே ஏறி வந்த ஹாஜ் கானும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

சர்க்கரை மூன்று டம்ளர், தண்ணீர் ஒன்றரை டம்ளர். எவர்சில்வர் பாத்திரத்தில் வை, பித்தளை அலுமினியம் ஆகாது, புளிப்பு பட்டால் களிம்பு ஏறும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை கரைந்து பத்து நிமிஷம் கொதிக்கட்டும். அப்புறம் தீயைக் குறைத்து வினிகர் அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேலே ஊற்றி, இன்னும் ஒரு பத்து நிமிஷம், லேசாக முத்து முத்தாகக் கொதித்தால் போதும். விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்ட வேண்டும், கம்பி இழுக்கக் கூடாது. கம்பிப் பதம் வந்தால் போச்சு, ஆறினால் கெட்டி. நான் செய்த தப்பு அதுதான். வினிகரின் புளிப்பே பாகு உறையாமல் காக்கும் என்றுதான் நான் நினைத்தேன், குலாப் ஜாமூன் பாகில் நீ எலுமிச்சை நாலு சொட்டு விடுவாயே, அதே காரணம், ஆனால் அளவுக்கு மீறி வற்றிவிட்டால் அதனாலும் காக்க முடியாது.

புதினா கடைசியில்தான். அடுப்பை அணைத்துவிட்டு, கழுவி ஈரம் போகத் துடைத்த கட்டை அப்படியே தண்டோடு உள்ளே அமுக்கி மூடிவிடு. ஆறுகிற வரைக்கும் திறக்காதே. ஹாஜ் கானும் மூடியைத் திறந்தபோது பார்த்தேன், பச்சை இலை ஆலிவ் நிறமாகி வாடிக் கிடந்தது, ஆனால் அதன் மணம் முழுவதும் பாகுக்குள் இறங்கியிருந்தது. இலையைப் பிழிந்து எடுத்துப் போட்டுவிட்டு, பாகைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஒரு பங்கு பாகுக்கு நாலு பங்கு குளிர்ந்த தண்ணீர், வெள்ளரித் துருவல், ஐஸ். கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

நம் ஊர்க் கடையில் கிடைக்கிற சிந்தடிக் வினிகர் வேண்டாம், மூக்கைத் துளைக்கும், பின்னால் வருகிற பழ வாசனை அதில் இல்லவே இல்லை. சிவகாசியில் பெரிய கடையில் ஆப்பிள் சிடர் வினிகர் இருக்கும், தம்பியிடம் சொல்லி வாங்கிக்கொள். அப்பாவுக்கு மட்டும் கொடுக்காதே, முழுக்கச் சர்க்கரை. அவருக்கு மோர் போதும்.

இதைக் குடிக்க மட்டும்தான் என்று நினைக்காதே. சித்திரை மாதத்துக்குச் சற்று முன்னால், நவ்ரூஸ் புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் ஊர் மொத்தமும் பூங்காவிலும் ஆற்றோரத்திலும் போய் உட்கார்ந்துவிடும், வீட்டுக்குள் இருக்கக் கூடாதாம் அன்றைக்கு. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கலக்காத இந்தப் பாகு, பக்கத்தில் தட்டு நிறைய நீள நீளமான லெட்டூஸ் இலை. இலையைத் தொட்டுத் தொட்டு மொறுக்கென்று கடிக்கிறார்கள், பாட்டி, பேரன், எல்லோரும் ஒரே கிண்ணத்தில். பச்சை இலையைச் சர்க்கரைப் பாகில் தொட்டுத் தின்பதா என்று எனக்கு முதலில் கை போகவில்லை. இப்போது மத்தியானம் பசிக்கிற மாதிரி இருந்தால் அதைத்தான் எடுக்கிறேன்.

காக்ஷீர் என்று இன்னொரு சர்பத்தும் உண்டு, கேழ்வரகைவிடப் பொடிசான செம்பழுப்பு விதை. அதில் மண் இருக்கும். இரண்டு கிண்ணத்தில் மாற்றி மாற்றித் தண்ணீரோடு ஊற்றி, அடியில் மண் தங்க மேலே விதை போக அரிக்க வேண்டும். ஹாஜ் கானும் அரிக்கும்போது மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றுகிறார் பார், நீ அரிசியில் கல் அரிக்கிற அதே கை. நான் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹாஜ் கானும் கொடுத்த பாகு பாட்டிலுக்குக் காசு கொடுக்கப் பார்த்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அதற்கு ஒரு பழமொழி வேறு சொன்னார்: சும்மா கிடைத்த வினிகர் தேனைவிடத் தித்திக்கும். காலிப் பாட்டிலை வெறுமனே திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, நீ பழக்கியது அப்படி. நீ கொடுத்துவிட்ட கருப்பட்டியில் கொஞ்சம் கட்டிக் கொடுத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது சூடா, குளிர்ச்சியா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அதையும் எழுது.

நேற்று சாயங்காலம் இன்னொன்று கேட்டார். வெயிலுக்கு உன் அம்மா என்ன சர்பத் செய்வாள் என்று. நன்னாரி என்றேன். வேர் எப்படி இருக்கும், வாசனை எப்படி என்று கை காட்டிக் காட்டிச் சொன்னேன். எவ்வளவு வேர், எவ்வளவு தண்ணீர், ராத்திரி முழுக்க ஊற வைப்பதா, கொதிக்க வைப்பதா என்று அவர் கேட்கக் கேட்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை அம்மா. இருபத்தைந்து வருஷம் உன் கையால் குடித்திருக்கிறேன், ஒரு நாள்கூடப் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. இந்த டீச்சர் ஆகஸ்டில் திரும்பி வருகிறார். அவர் டெல்லி முகவரியைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கால் கிலோ நன்னாரி வேர், மண் போகக் கழுவிக் காயவைத்தது, அவருக்கு அனுப்பி வை. கூடவே அளவையும் எழுது, "கண்ணளவு" என்று எழுதாதே, டம்ளர் கணக்கில் எழுது. ஹாஜ் கானும் இப்போதே ஒரு காலி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் மகள்