உம்ரா முன்பணமும் அமானிதமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹலால் சுற்றுலாவைப் பற்றி மலேசியாவில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் விடுதி அறையோடு நின்றுவிடுகிறது. அறையில் தொழும் திசையைக் காட்டும் கிப்லா குறி, தொழுகை விரிப்பு, சமையலறைக்கு ஹலால் சான்றிதழ் ஆகியவை இருந்தால் போதும் என்று நிறைவடைந்துவிடுகிறோம். இவை வேண்டியவைதாம், முஸ்லிம் பயணிகளுக்கான விருந்தோம்பல் சேவைகளுக்கென்று 2015-இல் எம்.எஸ். 2610 என்ற தரநிலை வகுக்கப்பட்டதும் நல்ல காரியமே. ஆனால் இஸ்லாமியச் சட்ட நூல்கள் விரிவாகப் பேசும் கொடுக்கல் வாங்கலை, பயணி கைப்பேசிச் செயலியில் பணம் கட்டும் இடத்தில் பொருத்திப் பார்ப்பவர்கள் குறைவு.

பயணத்தையும் பணத்தையும் சேர்த்து யோசிப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. வட்டி கலந்துவிடும் என்று அஞ்சி வங்கிப் பக்கம் போகாமல் வீட்டிலேயே பணம் சேர்த்தும், நிலத்தையும் கால்நடையையும் விற்றும் ஹஜ்ஜுக்குப் போன கிராமத்து மக்களின் நிலையைக் கருத்தில் கொண்டு, பொருளியல் அறிஞர் உங்கு அஜிஸ் 1959-இல் ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். அது 1963-இல் 1,281 பேரின் 46,600 வெள்ளியோடு தொடங்கி, இன்று தாபோங் ஹாஜி என்ற ஹஜ் சேமிப்பு நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. அங்கே சேமிப்பு முதலில், பயணம் பிறகு. இன்றைய விளம்பரங்கள் சிலவோ, முதலில் உம்ராவுக்கு, அதாவது ஹஜ் காலத்துக்கு வெளியேயும் மேற்கொள்ளக்கூடிய மக்கா புனிதப் பயணத்துக்கு, போய்வாருங்கள், தவணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கின்றன. ஹஜ்ஜையே வசதி உள்ளவர் மீது மட்டும் கடமையாக்கிய மார்க்கத்தில் உம்ராவுக்குக் கடன்பட என்ன அவசரமோ, தெரியவில்லை.

தவணையில் வாங்குவதே ஹராம் என்று நான் சொல்லவில்லை. தவணை தவறினால் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை (2:280). மலேசிய இஸ்லாமிய வங்கிகள், தாமதத்தால் தமக்கு நேர்ந்த உண்மையான இழப்புக்கு ஈடான தொகையை மட்டுமே வருமானமாகக் கொள்ளலாம். அதற்கு மேல் தண்டமாக வாங்குவது அறக்காரியங்களுக்குப் போக வேண்டும். ‘ஷரியா’ என்று விளம்பரம் செய்யும் ஒவ்வொரு தவணைச் செயலியும் தன் தாமதக் கட்டணம் எங்கே போகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவணைச் செயலிகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் நுகர்வோர் கடன் மசோதா 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருப்பதால், இதைக் கேட்க இதுவே தக்க தருணம்.

இதைவிட என்னை உறுத்துவது முன்பணம். முன்கூட்டியே விலை கொடுப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. மதீனாவில் பழங்களுக்கு ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பே பணம் கொடுத்துவந்தவர்களிடம், அளவும் எடையும் காலக்கெடுவும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்றே நிபந்தனை விதித்தார்கள். விமான இருக்கையோ, மக்காவில் அறையோ, விசாவோ உறுதியாகாத நிலையில், புறப்படும் நாளைக்கூடத் தெளிவாகச் சொல்லாமல், சந்தை விலைக்கும் குறைவாக ஒரு தொகையைச் சொல்லி வசூலிப்பதும், நாளை போகவிருப்பவரின் பணத்தைக் கொண்டு இன்று போகிறவரை அனுப்புவதும் அந்த நிபந்தனைக்குள் அடங்குமா? விமான நிலையத்தில் பயணிகள் தவித்து நின்ற செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், பயண முகவரை மட்டும் குறை சொல்லிவிட்டு, அவர் கைக்குப் பணம் போன வழியைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

மின்பணப்பையில் நாம் போடும் தொகையை நிறுவனத்தின் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அதே முறையில், செயலி வழியாக வரும் உம்ரா முன்பணமும் அமானிதமாக, அதாவது நம்பி ஒப்படைத்த பொருளாக, தனிக் கணக்கில் இருந்து, பயணச்சீட்டும் விசாவும் பயணியின் பெயரில் பதிவானதற்கேற்பப் படிப்படியாக முகவருக்கு விடுவிக்கப்பட வேண்டும். அது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்பதைப் பயணி தம் கைப்பேசியிலேயே பார்க்க முடிய வேண்டும். விமான நிறுவனமும் விடுதியும் முன்பணம் கேட்கின்றனவே என்று முகவர்கள் சொல்வது நியாயம்தான். அந்தத் தொகையை அந்நிறுவனங்கள் தரும் ரசீதின் பேரில் நேரடியாக அங்கேயே செலுத்திவிடலாம். சிறிய முகவர்களுக்கு இதனால் சற்றுச் சிரமம் உண்டு. ஆயினும் பல ஆண்டுச் சேமிப்பை இழக்கும் முதியவரின் சிரமம் அதைவிடப் பெரிது.

சுற்றுலா அமைச்சு, உம்ராவுக்கான சிறப்பு உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இந்தத் தனிக் கணக்கின் அறிக்கையையும் கேட்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும், தம் வளாகத்தில் உம்ரா விளம்பரம் ஒட்ட அனுமதி கேட்டு வருபவரிடம் முதலில் உரிமத்தைக் காட்டச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பினாங்கு