நாற்பது டாலர்

அன்புள்ள பாப்பா,

அம்மா அனுப்பிய பருப்புப் பொடி வந்து சேர்ந்ததா? பத்து நாளாக உன் குரலே இல்லை. பரீட்சை என்று அம்மா சொன்னாள். சரி. தம்பிக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது, மீதியை அவனே சொல்லுவான்.

உன் கல்லூரிப் பெண்கள் சங்கமான சொராரிட்டிக்கு உன்னைப் பொருளாளர் ஆக்கியதைத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று அம்மாவைக் கேள். "பார்ட்டி வைக்கிற கூட்டம்தானே?" என்றார் ஒருவர். விடுவேனா? ஜார்ஜியாவில் மேக்கன் என்ற ஊரில் 1851இலேயே கல்லூரிப் பெண்கள் இப்படி ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வாயை அடைத்தேன். நீ சேரும்போது நானும் அவர் சொன்னதைத்தான் சொன்னேன், ஞாபகம் இருக்கிறது.

நாற்பது பெண்கள், ஆளுக்கு 300 டாலர் சந்தா. செமஸ்டருக்கு 12,000 டாலர் உன் கை வழியாகப் போகிறது. அதில் பெரும்பகுதி தலைமைக்கும் இன்ஷூரன்சுக்கும் போய்விடும் என்றாய். அதனால்தான் சொல்கிறேன், நாற்பது பேரும் கட்டுவார்கள் என்று பட்ஜெட் போடாதே. முப்பத்துநான்கு பேர் என்று போடு. கட்ட முடியாதவளுக்குத் தவணை எழுதிக் கொடு, வாய்ப்பேச்சு வேண்டாம். பணம் அனுப்புகிற ஆப்பான வென்மோவில், உன் சொந்தக் கணக்கில் சந்தா வாங்காதே, சாப்டர், அதாவது உங்கள் கிளை பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கே போகட்டும். வருடா வருடம் வரித் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். வரவு 50,000 டாலருக்குள் என்றால் இணையத்தில் ஒரு சின்னப் படிவம், பத்து நிமிட வேலை. ஆனால் தொடர்ந்து மூன்று வருடம் விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். உனக்கு முன்னால் இருந்தவள் அனுப்பினாளா என்று பார்.

அப்புறம் அந்த உணவக நிதி திரட்டல். நல்ல யோசனைதான். ஆனால் பத்து டாலர் சாப்பாட்டில் உணவகம் கால் பங்கை உங்களுக்குக் கொடுத்தாலும் 1,450 டாலர் சேர 580 பேர் சாப்பிட வேண்டும்.

ஏன் 1,450 என்று எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். என் கார்டில் உன் பெயரைச் சேர்த்தபோது பில்லைப் பார்க்க மாட்டேன் என்றேன். பார்க்கிறேன். ஹோட்டல் அட்வான்ஸ் 1,450. மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறவள் இந்த மாதம் 40 டாலர்தான் கட்டியிருக்கிறாய். 24 சதவீத வட்டியில் அந்த நாற்பதில் 29 வட்டிக்கே போய்விடும், கண்ணு. பணத்தைப் பற்றி ஒரு நாளும் உட்கார வைத்துச் சொல்லித் தராமல் கார்டை மட்டும் கொடுத்தேன். யாரோ சந்தா கட்டியிருக்க மாட்டாள், விருந்து நின்றுவிடும் என்று நீ கார்டைத் தேய்த்திருப்பாய். சாப்டர் பணம் வேறு, உன் பணம் வேறு. எத்தனை தடவை சொல்வது?

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்ல எனக்கு வாய் இல்லை.

பெரியத்தை சீட்டெடுத்து எனக்குக் கடைசி வருட ஃபீஸ் கட்டினாள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அது ஃபீஸ் இல்லை. 1989இல் நான் ஹாஸ்டலில் மெஸ் செகரட்டரி. மளிகைக் கடைக்குத் தர வேண்டிய 3,800 ரூபாய் என்னிடம் இல்லை. பையன்கள் கட்டவில்லை என்று அத்தையிடம் அழுதேன். அது பாதி உண்மை. மீதியை நான்தான் செலவழித்தேன். இரவுப் பரோட்டா, சினிமா டிக்கெட். "மச்சான் பார்த்துக்குவான்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்கிற ஆசை. அத்தை அந்தச் சீட்டை எதற்காகப் போட்டாள் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன். அமெரிக்கா வந்த முதல் வருடமே திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அதற்குள் அவளுக்கு அது தேவைப்பட்ட காலம் போய்விட்டது. உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

உன்னை என்னோடு சேர்த்துப் பேசவில்லை. நீ என்னைவிட ஒழுங்கானவள். ஹோட்டல் ரசீதை மட்டும் பத்திரமாக வை. அது இருந்தால்தான் சாப்டர் கணக்கிலிருந்து திரும்ப வாங்க முடியும். தொலைத்திருந்தால் நாளைக்கே போய் இன்னொரு நகல் கேள்.

ஞாயிறு காலை அம்மா கோயிலுக்குப் போவாள். பதினொன்றுக்குள் கூப்பிடு. பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே.

அப்பா