இன்னும் ஒரு வசனம்: போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களே, சபை மூப்பர்களே, ஸ்தோத்திரம்.

பவுல் கொலோசெ சபைக்கு எழுதிய கடிதமான கொலோசெயர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை ஆராதனையில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை. மனைவிகள், புருஷர்கள், பிள்ளைகள், பிதாக்கள் என்று ஒவ்வொருவருக்கும் புத்திமதி வரிசையாகப் போகிறது. 22ஆம் வசனத்தில் "வேலைக்காரரே" என்று தொடங்கி 25 வரை படித்ததும் வேதபுத்தகம் மூடப்படுகிறது. எஜமான்களுக்கான வசனமோ நான்காம் அதிகாரத்தின் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே கோடு கிழித்தது பவுல் அல்ல. அதிகாரப் பிரிவு வந்தது 13ஆம் நூற்றாண்டில். எஜமான்களுக்குத்தான் அது எவ்வளவு வசதியாகிவிட்டது!

வசனம் இதுதான்: "எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்." செவ்வை என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்குச் சமத்துவம் என்றும் பொருள் உண்டு. மனிதரை விலைக்கு வாங்கிய காலத்தில் எழுதிய சொல் அது. அடிமைமுறையே ஆகாது என்று பவுல் ஒரு வரி எழுதியிருக்கலாமே என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் இந்த நிருபத்தோடு அவர் அனுப்பிய இருவரில் ஒருவன் ஒநேசிமு, அந்தச் சபையைச் சேர்ந்த பிலேமோன் என்பவரின் அடிமை. "உண்மையும் பிரியமுமுள்ள சகோதரன்" என்று அவனை அதே அதிகாரத்தில் குறிப்பிடுகிறார். சபையில் இது வாசிக்கப்பட்டபோது பிலேமோனும் இருந்திருந்தால், கண்ணை எங்கே வைத்துக்கொண்டிருப்பார்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்துக்கு உங்களில் சிலரும் வந்திருந்தீர்கள். நீண்ட ஜெபம். வேலைக்கு வரும் அக்கா தட்டை ஏந்திக்கொண்டு, "ஆமென்" வரட்டும் என்று சமையலறை வாசலில் நின்றிருந்தார். கனம் தாங்காமல் கை மாற்றிக்கொண்டதைப் பார்த்தேன். நாங்கள் நன்றி சொன்னவர்களில் அவர் இல்லை. பாத்திரம் கழுவிவிட்டுப் புறப்படும்போது "சம்பளம்..." என்று இழுத்தார். "திங்கட்கிழமை தருகிறேன்" என்றேன். பணம் அலமாரியில்தான் இருந்தது. எழுந்து போய் எடுக்கச் சோம்பல், வேறொன்றுமில்லை.

கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்கிறது பழைய ஏற்பாட்டின் உபாகமம் 24ஆம் அதிகாரம். ஆவல் என்ற அந்த ஒரு சொல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

ஓய்வுநாள் கட்டளையும் உபாகமம் 5இல் "உன்னைப்போல" வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆராதனை முடிந்து நாம் உட்காரும் ஞாயிறு விருந்தைச் சமைப்பது யார்? மூப்பர் பொறுப்புக்கு ஒருவரைத் தெரிந்தெடுக்கும்போது காணிக்கைக் கணக்கைப் பார்க்கிறீர்கள். அவர் வீட்டில் வேலை செய்கிறவருக்குச் சம்பளம் தேதி தவறாமல் போகிறதா, வார விடுமுறை உண்டா என்று ஒருமுறையாவது விசாரித்ததுண்டா?

அடுத்த முறை 25ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு வசனம் வாசியுங்கள். எந்த ஞாயிறு என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். அன்று வர விருப்பமா என்று அக்காவிடம் நான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் அங்கத்தினன்