வேலை செய்கிறவருக்கும் சம்பளம் கொடுங்கள்: சிறு மானியம் தரும் தூதரகங்களுக்கு ஒரு மடல்

தூதரகங்களில் சிறு மானியத் திட்டங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் அறிவிப்பு வெளியானதும் அதைக் கையில் வைத்துக்கொண்டு "இதை எப்படி நிரப்புவது" என்று கேட்டு வருகிற சின்னச் சின்ன அமைப்புகளோடு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக்கொடுக்கிற ஆள் நான். பெண்கள் குழுக்கள், இளைஞர் மன்றங்கள், மாற்றுத்திறனாளிகளின் பெற்றோர் சேர்ந்து நடத்தும் அமைப்புகள், ஓரிரு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் படிப்பகங்கள் இப்படி. அந்த மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்தத் திட்டங்கள் வேண்டும், இருக்க வேண்டும். அமெரிக்கத் தூதர்களின் சுயஉதவி நிதி 1964-இல் டோகோவில் தொடங்கி ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பரவியது. ஜப்பான் 1989 முதல் அடிமட்ட அமைப்புகளுக்கு நேரடியாகக் கொடுத்துவருகிறது. கனடாவின் உள்ளூர் முன்முயற்சி நிதி சராசரியாக 20,000 முதல் 40,000 கனடிய டாலர், உச்சவரம்பு ஒரு லட்சம். ஆஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டத்தில் ஒரு வேலைக்கு அதிகபட்சம் 60,000 ஆஸ்திரேலிய டாலர் வரை. பெரிய நன்கொடை நிறுவனங்கள் குனிந்துகூடப் பார்க்காத தொகைகள் இவை. ஆனால் ஒரு பள்ளிக்குக் கழிப்பறை கட்டவும், ஒரு குழுவுக்குத் தையல் எந்திரங்கள் வாங்கவும், ஒரு வருடம் பயிற்சி வகுப்பு நடத்தவும் இந்த அளவுதான் சரியான அளவு. அதைவிட முக்கியம், முடிவு எடுக்கிறவர் அதே நாட்டில் இருக்கிறார், வேண்டுமானால் வண்டி ஏறி வந்து நேரில் பார்த்துவிட்டுப் போகலாம். தலைநகரங்களில் உட்கார்ந்து கோடிகளைப் பிரிப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், உங்களால் மாற்ற முடியும் என்பதால்.

கேட்பது ஒன்றுதான். பொருளுக்குக் கொடுக்கிறீர்கள், நிகழ்ச்சிக்குக் கொடுக்கிறீர்கள், அச்சடிக்கக் கொடுக்கிறீர்கள். அதையெல்லாம் செய்து முடிக்கிற மனிதருக்கும் கொடுங்கள்.

ஒரு பட்ஜெட் அட்டவணையைப் பாருங்கள். காது கேளாத பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் சைகை மொழியும் வாசிப்பும் சொல்லிக்கொடுக்கிற படிப்பகம் ஒன்று. மடிக்கணினி, ப்ரொஜெக்டர், புத்தகங்கள், அச்சுச் செலவு, தொடக்க விழா, பேனர், சிற்றுண்டி, பயணப்படி, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி. கடைசி வரியில் ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் பகுதிநேரச் சம்பளம் என்று போட்டிருக்கும். விண்ணப்பம் திரும்பி வரும்போது அந்த ஒரு வரி மட்டும் அடிக்கப்பட்டிருக்கும், பக்கத்தில் "நிறுவனத்தின் பங்களிப்பாகக் காட்டவும்" என்று ஒரு குறிப்பு. ஒருங்கிணைப்பாளர் என்பவர் யார்? தினமும் பிள்ளைகளின் பெற்றோருக்கு போன் செய்கிறவர், வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறவர், சைகை மொழி ஆசிரியர் வராத நாளில் தானே வகுப்பு எடுக்கிறவர், இரவில் உட்கார்ந்து உங்களுக்கு அறிக்கை எழுதுகிறவர். அவருடைய வேலையைக் கழித்துவிட்டால் மீதி இருப்பது பூட்டிய அறையில் ஒரு ப்ரொஜெக்டர். இருந்தும் அவர் நேரம் இலவசம் என்ற கணக்கில்தான் மொத்தத் திட்டமும் நிற்கிறது.

எல்லாத் தூதரகமும் இப்படி இல்லை என்று தெரியும். அமெரிக்க விண்ணப்பத்தின் பட்ஜெட் படிவத்தில் பணியாளர் செலவுக்கென்றே முதல் வரி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், அரசோடு தனியாக ஒரு விகிதம் பேசி வாங்காத அமைப்புகளும் அலுவலக வாடகை, கணக்கு வேலை போன்ற மறைமுகச் செலவுக்காக நேரடிச் செலவில் 15 சதவீதம் வரை கேட்கலாம் என்று அவர்கள் விதியே மாறியிருக்கிறது, முன்பு 10. நல்ல மாற்றம். ஆனால் நான் பார்க்கிற குழுக்களில் யாருக்கும் இது தெரியாது, கேட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடுமோ என்ற பயம் வேறு. ஜப்பான் திட்டமோ கட்டடம், கருவி, வாகனம் போன்றவற்றுக்குக் கொடுக்கும், சம்பளத்துக்கும் நடைமுறைச் செலவுக்கும் கொடுக்காது, அது எழுதப்பட்ட விதி. கட்டடம் நிற்கிறது, உண்மைதான். அதைத் திறந்து மூடுகிறவர் யார் பணத்தில் வாழ்கிறார் என்ற கேள்வியும் அங்கேயே நிற்கிறது.

சம்பளம் கொடுத்தால் மானியம் முடிந்த அன்றைக்கு வேலையும் நின்றுவிடும், அதனால்தான் கொடுப்பதில்லை என்று ஒரு அதிகாரி என்னிடம் சொன்னார். மரியாதையோடு சொல்கிறேன், இது தலைகீழ் வாதம். சம்பளம் கொடுக்காததால் வேலை இப்போதே நின்றுகொண்டிருக்கிறது. நல்ல ஒருங்கிணைப்பாளர் ஒரு வருடம் பொறுப்பார், இரண்டு வருடம் பொறுப்பார், அப்புறம் வீட்டு வாடகைக்கு வேறு வேலை தேடிப் போவார். எஞ்சுவது வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான், அவர்களால்தான் சம்பளம் இல்லாமல் வேலை செய்ய முடியும். அடிமட்டத்துக்குப் போக வேண்டிய பணம், சம்பளம் தேவைப்படாதவர்கள் நடத்தும் அமைப்புகளுக்கே திரும்பத் திரும்பப் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

விண்ணப்பம் எழுதுவதும் வேலைதான், அதுவும் சம்பளமில்லாத வேலை. அமெரிக்க மானியத்துக்கு முதலில் அவர்களுடைய அரசுப் பதிவுத் தளமான சாம் (SAM.gov) இணையதளத்தில் பதிய வேண்டும், அமைப்பை அடையாளம் காட்ட 2022 ஏப்ரல் வரை இருந்த பழைய டன்ஸ் (DUNS) எண் போய் இப்போது தனி அடையாள எண், வெளிநாட்டு அமைப்பு என்றால் அதற்கு முன்னால் என்கேஜ் (NCAGE) என்ற குறியீடு வேறு. ஒவ்வொன்றிலும் அமைப்பின் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம்மைப் போல வேறு எழுத்தில் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்தீர்களா? பதிவுச் சான்றிதழில் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா ஒரு 'எச்' சேர்த்திருப்பார், வங்கிக்காரர் அதை விட்டிருப்பார், இரண்டும் சரிதான், ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு நிறுவனம். அதைச் சரிசெய்ய வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் அலைவதற்குள் கடைசித் தேதி போய்விடும். பதிவு முடிந்தாலும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் மூன்று கடைகளில் விலை எழுதி வாங்கிக் காட்ட வேண்டும் என்ற மூன்று விலைப்புள்ளி விதியும் அப்படித்தான். நோக்கம் நல்லது, மக்கள் வரிப்பணம், யாரும் இஷ்டத்துக்கு வாங்கக் கூடாது, சரி. ஆனால் அந்தப் பகுதியில் காது கேட்கும் கருவி விற்பவர் ஒரே ஒருவர் என்றால் மற்ற இரண்டு விலைப்புள்ளி எங்கிருந்து வரும்? அதே கடைக்காரர் தெரிந்தவர்களின் லெட்டர்பேடில் கொஞ்சம் கூட்டிப் போட்டு வாங்கித் தருகிறார். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. நேர்மையாக இருக்க விரும்புகிற சின்ன அமைப்பை ஒரு பொய்யோடு தொடங்க வைக்கிற விதி இது. குறிப்பிட்ட தொகைக்குக் கீழே ஒரு விலைப்புள்ளியும் ஒரு பக்க விளக்கமும் போதும் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? முதல் கட்டத்துக்கு அந்த மக்கள் பேசுகிற மொழியிலேயே இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள், தேறியவர்களிடம் மட்டும் முழு விண்ணப்பம் கேளுங்கள். அழகான ஆங்கிலத்தை வைத்து நல்ல வேலையை அளக்கும் பழக்கம் பாதி குறையும். அந்த இரண்டாவது கட்டத்துக்கு உழைக்கிற நேரத்தையும் பட்ஜெட்டில் போட அனுமதித்தால் இன்னும் நல்லது.

நாட்காட்டி விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் ஆட்களை அதிகம் கசக்குகிறது. கனடாவின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது, அதனால் வேலை பெரும்பாலும் பிப்ரவரிக்குள் முடிந்தாக வேண்டும். அமெரிக்காவின் நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது, அதற்குள் மானியம் ஒதுக்கப்பட்டாக வேண்டும். ஜெர்மனியின் குறுந்திட்டங்களுக்கு டிசம்பர். உங்கள் கருவூலத்துக்கு அது வசதி. ஆனால் பள்ளி ஆண்டு, மழைக்காலம், அறுவடை, தேர்வு, எதுவும் உங்கள் நிதியாண்டைக் கேட்டு வருவதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகவே பாதி வருடம் போகிறது, முதல் தவணை கணக்கில் ஏற இன்னும் சில வாரம், மிச்சமிருக்கிற மாதங்களில் ஒரு வருட வேலையை முடித்து ரசீது ஒட்டி அறிக்கை தர வேண்டும். அவசர அவசரமாகக் கூட்டம் சேர்த்து, புகைப்படம் எடுத்து, வருகைப்பதிவில் கையெழுத்து வாங்கி முடிக்கிறார்கள். ஆஸ்திரேலியத் திட்டத்தைப் போல ஒரு வேலையை இரண்டு வருடம் வரை ஓடவிடுவது முடியாத காரியம் இல்லை என்பது தெரிகிறது அல்லவா.

கடைசித் தவணையைப் பிடித்துவைத்து, இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு தருகிற வழக்கமும் உண்டு. பெரிய அமைப்பு என்றால் கையிருப்பிலிருந்து செலவு செய்துவிட்டுக் காத்திருக்கும். சின்ன அமைப்பில் யாராவது நகையை வைத்துத்தான் அந்தப் பணத்தைப் போடுகிறார்கள். 2025 ஜனவரி 20-இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்தபோது இதன் முழு வலியும் தெரிந்தது: வேலை ஏற்கெனவே நடந்திருக்கும், ஆளுக்குக் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கும், மேலே இருந்து வர வேண்டிய பணம் நின்றுவிட்டது. கொள்கை மாறுவதை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் நிறுத்த உத்தரவு வரும் நாள் வரை செய்த வேலைக்கும், ஆட்களுக்குச் சொல்லிவைத்த ஒரு மாதச் சம்பளத்துக்கும் பணம் உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி தெளிவாகச் சேர்க்கலாம், கையெழுத்து வாங்கும்போதே அதைப் புரியும் மொழியில் சொல்லவும் செய்யலாம்.

பொது ராஜதந்திரம் என்ற பெயரில் வருகிற மானியங்களுக்கு இன்னும் ஒன்று. உங்கள் நாட்டைப் பற்றி நல்லெண்ணம் வளர வேண்டும், அதற்குத்தான் இந்தப் பணம், இதில் ஒளிவுமறைவு இல்லை, தவறும் இல்லை. ஆனால் அந்த நல்லெண்ணம் எங்கே உருவாகிறது என்று நினைக்கிறீர்கள்? பேனரில் பெரிய லோகோவிலும் தூதர் ரிப்பன் வெட்டுகிற படத்திலும் அல்ல. வகுப்புக்கு வந்த பெண்ணுக்கு வகுப்பை நடத்தியவரிடம்தான் நம்பிக்கை, அவர் வழியாகத்தான் உங்களிடம். உங்கள் அதிகாரி சில வருடத்தில் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போவார், அது உங்கள் பணிமுறை. இங்கேயே இருக்கப்போகிறவர் அந்த ஒருங்கிணைப்பாளர். அவரை இழந்தால் அந்த உறவையே இழக்கிறீர்கள், அடுத்து வருகிற அதிகாரி புது அறிவிப்போடு முதலிலிருந்து தொடங்குகிறார். சில இடங்களில் அந்த லோகோவே ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பணம் வாங்கியவர் என்ற பேச்சு கிளம்பினால் அடி வாங்குவது தூதரகம் அல்ல, அந்த ஊரில் இருக்கிற அந்த ஆள். லோகோ போட வேண்டாம் என்று யாராவது கேட்டால், கேள்வி கேட்காமல் விலக்குக் கொடுங்கள்.

உங்கள் அலுவலகத்தில் இந்த மானியங்களைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் ஊழியர்கள் பலர் இதையெல்லாம் எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள். எங்கள் படிவத்தில் தவறு இருந்தால் வேலை நேரம் முடிந்த பிறகும் போன் செய்து திருத்தச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. விதிகளை அடுத்த முறை திருத்தும்போது அவர்களையும், மானியம் வாங்கி வேலை முடித்த சில அமைப்புகளையும் கூப்பிட்டு ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள்.

அப்புறம், நிராகரிக்கும்போது காரணம் சொல்லுங்கள். "அதிக எண்ணிக்கையில் விண்ணப்பங்கள் வந்ததால்" என்ற ஒரே வரி எல்லோருக்கும் போகிறது, சிலருக்கு அதுகூடப் போவதில்லை. பட்ஜெட் சரியில்லையா, தலைப்பு உங்கள் முன்னுரிமையில் இல்லையா, இல்லை வேறு அமைப்பு இதையே நன்றாகச் செய்கிறதா, இரண்டு வரி போதும், அடுத்த வருடம் அவர்கள் திருத்திக்கொள்வார்கள். அறிவிப்பு வெளியிட்டு மூன்று வாரத்தில் விண்ணப்பம் கேட்காமல், எந்த மாதத்தில் வரும் என்பதையாவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பெயர்ப் பிரச்சினையை வங்கியில் சரிசெய்ய அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
விண்ணப்பம் எழுத உதவும் ஒருவர்