மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு: ஏழைக் கைதிகளுக்கான அந்தக் குழுவைக் கூட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆட்சியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் கூட்ட அரங்கில் நடந்த இடைநிற்றல் ஆய்வுக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நான். எங்கள் பள்ளியின் முறை வந்ததும், "ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்று இரண்டு மாதமாக வரவில்லை, எமிஸில் காமன் பூலில் கிடக்கிறது, வகுப்பாசிரியர் என்ன செய்கிறார்?" என்று கேட்டீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவேடான எமிஸில், எந்தப் பள்ளியின் பட்டியலிலும் இல்லாத பிள்ளைகளின் பெயர்களைப் போட்டு வைக்கிற இடம்தான் காமன் பூல். எழுந்து நின்று "குடும்பச் சூழல் சார்" என்றேன். "யாருக்குத்தான் குடும்பச் சூழல் இல்லை? வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்து வாருங்கள்" என்றீர்கள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

அன்று வாயில் வராததை இப்போது எழுதுகிறேன். நீங்கள் கொடுத்த படிவத்தில் பிள்ளை நின்றதற்கான காரணங்களைக் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இடப்பெயர்வு, குழந்தைத் திருமணம், உடல்நலம், ஆர்வமின்மை, குடும்பச் சூழல். 'அப்பாவுக்கு ஜாமீன் கிடைத்தும் ஷூரிட்டி, அதாவது பிணை, போட ஆளில்லாமல் சிறையில் இருக்கிறார்' என்பதற்குக் கட்டம் இல்லை. அதனால் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தேன்.

அவர்கள் தெருவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் பீரோ உடைந்தாலும் ஜீப் முதலில் அங்கேதான் போய் நிற்கும். ஏன் அங்கே என்று யாரும் கேட்பதில்லை, கேட்கத் தேவையில்லாத அளவுக்கு அது பழகிப்போய்விட்டது. பொங்கல் முடிந்த வாரம் இவள் அப்பாவை அழைத்துப் போனார்கள். வீடு புகுந்து திருடிய வழக்கு. அவர் மீது உள்ள ஒரே வழக்கு இதுதான். அவர் செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அதே நீதிமன்றம் ஏப்ரல் மாதத்திலேயே அவருக்கு ஜாமீன் கொடுத்துவிட்டது. தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஷூரிட்டி, அதில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும். இப்போது அக்டோபர். அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

ஒரு ஷூரிட்டிக்கு நான் நிற்கிறேன் என்றேன். தலைமையாசிரியர் பயந்துபோய், "டீச்சர், உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். அவர் நல்லவர், என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனால் பிரச்சினை நான் அல்ல, அந்த இரத்த உறவு. பிள்ளையின் சித்தப்பா பக்கத்து மாவட்டத்தில் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கிறார். வீட்டு வரி ரசீது இல்லை, சொத்து மதிப்புச் சான்று இல்லை. இரண்டு முறை பஸ் ஏறி வந்தார், இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீதிமன்ற வாசலில் கூலிக்கு ஷூரிட்டி போடுகிறவர்களை யாரோ கை காட்டினார்கள். அதற்கும் காசு வேண்டுமே.

1978ல் உச்ச நீதிமன்றத்துக்கு மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு வந்தது. உச்ச நீதிமன்றமே அவருக்கு ஜாமீன் கொடுத்திருந்தது. கீழே இருந்த நீதித்துறை நடுவர் பத்தாயிரத்துக்கு ஷூரிட்டி கேட்டார், கொத்தனாரின் சகோதரர் வந்தபோது சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, சொந்தப் பிணையில் ஆயிரம் ரூபாய்க்கு விடச் சொன்னார். ஒரு தமிழர் பஸ்தரில் கைதானால் ஷூரிட்டிக்கு எங்கே போவார் என்றும் அந்தத் தீர்ப்பில் கேட்டிருந்தார். பஸ்தர் இருக்கட்டும் ஐயா, இங்கே பக்கத்து மாவட்டத்துக்கே வழியில்லை. பத்தாயிரம் என்ற தொகை கூட மாறவில்லை.

நீங்கள் சொன்னபடி வீட்டுக்குப் போனேன். வீட்டில் யாரும் இல்லை. அம்மா 'மனு பார்க்க', அதாவது அப்பாவைச் சந்திக்க, மத்திய சிறைக்குப் போயிருந்தார். அது ஒரு முழு நாள் வேலை. ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்திப் பேசிவிட்டு இருட்டிய பிறகு திரும்புவார். பிள்ளை முந்திரி உடைக்கிற கொட்டகையில் இருந்தாள், தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. கொட்டையின் ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். அப்படியும் அவள் விரல் நுனிகள் கறுத்து உரிந்திருந்தன. ஜூலை வரை அந்தக் கையில்தான் சாக்பீஸ் பிடித்து, காரணிப்படுத்தலைப் போர்டில் போட்டுக் காட்டினாள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் என்னிடம் கேட்பதற்கு முன் அவளிடம்தான் கேட்பார்கள்.

பள்ளிக்கு வா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன் டீச்சர். ரெண்டு பேருக்கும் சேர்த்து இருபதாயிரம். ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு ரூபா மிச்சம் பிடிச்சா எண்ணூறு நாள்ல கட்டிடலாம். அப்பா வந்ததும் வந்துடுறேன்."

கணக்கு சரிதான். நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

ஆனால் அவளுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479வது பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிணைப் பத்திரத்தில் வெளியே விட வேண்டும். வீட்டுக்குள் திருடியதற்கு அதிகபட்சம் ஏழு ஆண்டு. மூன்றில் ஒரு பங்கு 28 மாதம். ஆக, அவள் எண்ணூறு நாள் முந்திரி உடைத்து முடிப்பதற்குள் சட்டமே அவரை விட்டுவிடும். அதற்குள் இவளோடு படித்தவர்கள் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருப்பார்கள்.

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஷூரிட்டி கொடுக்க முடியவில்லை என்றால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். அதே ஆண்டு மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கென ஒரு திட்டம் கொண்டு வந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை அரசே கட்டலாம் என்று அப்போது சொன்னார்கள். அதை முடிவு செய்ய மாவட்டத்துக்கு ஒரு குழு: ஆட்சியர், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், நீதிபதி ஒருவர்.

ஆட்சியர் என்றால் நீங்கள்தான் ஐயா. பிள்ளையைக் கூட்டி வா என்று என்னிடம் சொல்கிறவரும் நீங்கள், அவள் அப்பாவை வெளியே கொண்டுவரும் குழுவில் உட்கார வேண்டியவரும் நீங்கள். அந்தக் குழுவைக் கூட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்தப் பிள்ளைக்காக அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சீருடை, புத்தகம், மதிய உணவு எல்லாம் கொடுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் காத்திருக்கிறது. இருபதாயிரத்துக்கு வழியில்லாமல் ஒன்பதாவதோடு நின்றவளுக்கு அந்த ஆயிரத்தை எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை. இன்னொரு பக்கம் பாருங்கள், பெரிய மனிதர்கள் கைதானால் அன்றைக்கே நெஞ்சுவலி வந்துவிடுகிறது. இவள் அப்பாவுக்கு ஒன்பது மாதமாக நெஞ்சு நன்றாகவே இருக்கிறது.

நாடு முழுவதும் இதே கதைதான். 2022ஆம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரப்படி 5,73,220 கைதிகளில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். அவர்களில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். கணக்கு ஆசிரியர் என்பதால் எனக்கு இந்த எண்கள் வேறு மாதிரி தெரிகின்றன. காமன் பூலில் கிடக்கிற பெயர்களும் சிறைப் பதிவேட்டில் இருக்கிற பெயர்களும் ஒரே தெருக்களிலிருந்து வருகின்றன. சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகளாகவே பார்த்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1871ல் வெள்ளைக்காரன் கொண்டு வந்தான், 1911ல் அது மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. சட்டம் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஜீப்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். நான் கேட்பது சிறியது. அந்தக் குழுவைக் கூட்டுங்கள். ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களின் பட்டியலைச் சிறையிலிருந்து வாங்குங்கள். எங்கள் இடைநிற்றல் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை பெயர்கள் ஒத்துப்போகின்றன என்று எங்களுக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் பார்த்தால் போதும். படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்க்க முடிந்தால் அதையும் செய்யுங்கள்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அவளுக்கு இயற்கணிதத்தில் மிச்சமும் ஆயத்தொலை வடிவியலும் விட்டுப்போயிருக்கின்றன, நவம்பருக்குள் வந்தால் மாலையில் உட்கார வைத்து நான் முடித்துவிடுவேன். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை இன்னும் அடிக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் கணக்கு ஆசிரியை